முன்பாரம்

புரட்டாசி பிறந்ததிலிருந்து மரியசெல்வி வண்டிகளின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். பின்பக்கத்தைத்தான் பார்த்தாள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற ரோட்டில், அவளுடைய தகரக் கொட்டகைக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே எந்த வண்டி வந்து நின்றாலும் டம்ளரைக் கையில் பிடித்தபடியே எழுந்து போவாள். பின்னால் குனிந்து, கொக்கி இருக்கிறதா, இருந்தால் சட்டத்தோடு பற்றவைத்ததா, பெயருக்கு முறுக்கி வைத்ததா என்று தடவிப் பார்ப்பாள். வண்டிக்காரர் பதறிப்போய், "என்னம்மா தேடுறீக, எதுவும் விழுந்துருச்சா?" என்று இறங்கி வருவார்.

"இந்த வண்டி எவ்வளவு பாரம் இழுக்கும்?"

"ரெண்டு டன்னு இழுக்கும்."

"இழுக்கட்டும். இழுத்தத நிப்பாட்டுமா?"

வண்டிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்ப்பார். டீக்கடைக்காரர்தான் உள்ளிருந்து சொல்வார், "அந்தம்மா கப்பல் கட்டி வச்சிருக்கு. அத இழுக்க மாடு தேடுது, நீங்க போங்க."

கப்பல் இல்லை, படகு. முப்பத்திரண்டு அடி நீளத்தில் ஃபைபர் படகு. கொட்டகை இருபத்தாறு அடிதான். அதனால் படகின் மூக்கு தகரக் கூரையைத் தாண்டி ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. கண்மாய்க்குள் ஆடு மேய்கிற ஊரில் இப்படி ஒரு பொருள் நின்றால் சும்மா விடுவார்களா? பஸ் டிரைவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளம் வரப்போவது உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்காத ஆளில்லை. பைபிளில் பேழைக் கதை படிக்கிற வேதக்கார வீடு வேறு, அந்தக் கேலி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. படகில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க அவள் போன மாதம் உள்ளே தண்ணீரை நிரப்பி வைத்தபோது சிரிப்பு இன்னும் கூடியது. தண்ணீரில் படகை இறக்க வழியில்லாத ஊரில் படகில் தண்ணீரை இறக்காமல் வேறு என்ன செய்வது? ஒரு சொட்டு கசியவில்லை. அதைப் பார்க்க மட்டும் யாரும் வரவில்லை.

மரியசெல்விக்கு நாற்பத்து நாலு வயது. திருச்சுழிக்குப் பக்கத்தில்தான் பிறந்தாள். அவள் அப்பா டயர் வண்டியில் மாடு பூட்டி, கரிமூட்டம் போடுகிறவர்களிடமிருந்து கரி ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போவார். பத்தொன்பது வயதில் அவளைச் சாயல்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே ஒரு படகுப் பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். ரெசின் கலக்குவதும் கண்ணாடிநார் விரிப்பை வெட்டிக் கொடுப்பதும் பெண்கள். அதை அச்சில் அடுக்கிப் படகாக்குவது ஆண்கள். அது அந்தப் பட்டறையின் சட்டம். அவள் வெட்டிக் கொடுத்துக்கொண்டே அடுக்குவதையும் கண்ணால் படித்துவிட்டாள்.

புருஷன் சாயப்பட்டறை வேலைக்குத் திருப்பூர் போனான். முதலில் மாதம் ஒரு தடவை வந்தான். பிறகு கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் வந்தான். பிறகு அதுவும் இல்லை. போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா என்று எல்லாரும் சொன்னார்கள். "வர்ற மனசிருந்தா பஸ்ஸு இருக்கு" என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தாள். வலிக்காமல் இல்லை. நன்றாகவே வலித்தது. அதை யார் முன்னாலும் இறக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் குணமே அதுதான். தன் பாரம் இன்னொருத்தர் மேல் விழக்கூடாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் குடிக்கிற தண்ணீரைக் கையோடு கொண்டுபோவாள். காய்ச்சல் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். பஸ்ஸில் தூங்கினால் பக்கத்தில் இருப்பவர் தோளில் தலை சாய்ந்துவிடும் என்று மதுரை வரைக்கும் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டே போவாள். சாப்பாடுகூட நின்றுகொண்டுதான். அப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் நமக்கும் சேர்த்துக் கால் பரபரக்கும். அதனாலேயே அவள் கொட்டகையில் வேலைக்கு வந்தவர்கள் நிலைக்கவில்லை. வேலை கடினம் என்பதால் இல்லை. "அக்கா நம்மள ஒரு டப்பாவத் தூக்க விடாது. நமக்குச் சம்பளம் வாங்கக் கூச்சமா இருக்கு" என்றுவிட்டுப் போனார்கள்.

ஐந்து வருஷமாகத் தண்ணீர்த் தொட்டியும் குளியலறைக் கதவும் செய்துகொண்டிருந்தவளைத் தேடி, பங்குனி மாதம் கருத்தம்மாள் வந்தாள். மரியசெல்வி வேலை பார்த்த அதே ஊர்க் கடற்கரையில் பாசி எடுக்கிற பெண் அவள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் வற்றுகிற நாட்களில் பாறைத் திட்டுகளுக்குப் படகில் போய், மூழ்கிப் பாசி பறித்து வருவார்கள். படகு வேறு ஆளுடையது. அவர் நினைத்தால் ஏற்றுவார், நினைத்தால் கரையில் நிறுத்திவிட்டுப் போவார். பாசியில் பங்கையும் கூட்டிக்கொண்டே போனார். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சொந்தமாகப் படகு செய்வது என்று முடிவு கட்டினார்கள். அங்கே உள்ள பட்டறைகள் அந்த ஆளைப் பகைத்துக்கொண்டு செய்துதர மாட்டோம் என்றன.

"நீதான் செல்வி செய்யணும்" என்றாள் கருத்தம்மாள். "அச்சுல அடுக்குறத நீ பாத்துக்கிட்டே நிப்பியே, நான் பாத்திருக்கேன்."

மரியசெல்வி அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அன்றைக்குத் தூங்காததில் சந்தோஷம் இருந்தது.

கடற்கரையில் கேட்பாரற்று ஓரமாகக் கிடந்த ஒரு பழைய அச்சை இரண்டு துண்டாக லாரியில் ஏற்றி வந்து சேர்த்தாள். கடற்கரை ஈரத்தில் நாள் கணக்கில் காய்கிற ரெசின், இந்தக் கரிசல் வெயிலில் மதியத்துக்குள் கல்லாகிவிடும். ஆவணி முடிவதற்குள் படகு தயார். மகாளய அமாவாசைக்கு முதல் நாள் பொழுது சாய்வதற்குள் கரையில் நிற்கும் என்று வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கை நம்பி கருத்தம்மாள் படகுக்காரரிடம் போய், இந்த அமாவாசையிலிருந்து உங்கள் படகு எங்களுக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவர் சிரித்திருக்கிறார். "செம்மண்ணுல செஞ்ச படகு வந்து சேரட்டும். வரலைன்னா மறுநா காலையில நீங்க என் வாசல்லதான் நிப்பீங்க, அப்ப பாத்துக்கிறேன்" என்றாராம். இந்தப் பக்கம் மண் கறுப்பு. அதுகூடத் தெரியாத ஆள் சொன்ன வார்த்தை மரியசெல்வியின் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது.

ஆக, எண்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். முழுப் படகு இரண்டு துண்டாகப் போகாது. லாரியில் ஏற்ற இங்கே கிரேன் உண்டு, இறக்க அங்கே கிடையாது. மணலில் லாரி புதையும். சக்கர வண்டியில் வைத்து இழுத்துப் போய் நேரே தண்ணீர் ஓரத்தில் விடுவதுதான் வழி. காரியாபட்டி சந்தைப் பக்கத்துப் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து வாங்கினாள். அதற்கு அவள் அப்பாவின் டயர் வண்டி இருசையே பூட்டச் சொன்னாள். ஒற்றை இருசு, அதன் இரண்டு முனையிலும் பெரிய சக்கரம்.

படகை அதில் ஏற்றிய நாளில் அவள் அதை முன்னும் பின்னும் நகர்த்தி, நகர்த்தி, நிறுத்தி, மறுபடி நகர்த்தி, சுற்றி நின்றவர்களைச் சாகடித்துவிட்டாள். கடைசியில் முன்சட்டத்தின் நுனியை ஒரே விரலால் தூக்கிக் காட்டினாள். ஒன்றேகால் டன் படகு, ஒற்றை விரலுக்கு ஆடியது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது கரி மூட்டை அடுக்கியதும் அப்படித்தான். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும்; பின்பாரம் கூடினால் கழுத்துக் கயிறு இறுக்கும். நடுவில் நிற்க வேண்டும். வண்டி பின்னால் வருவதே மாட்டுக்குத் தெரியக்கூடாது. வாழ்க்கையில் அவள் தன்னைப் பற்றிப் பெருமைப்பட்டது குறைவு. அந்த ஒற்றை விரலைப் பற்றி மட்டும் பெருமைப்பட்டாள்.

இனி வண்டி. முதலில் டிராக்டரைத்தான் நினைத்தாள். நரிக்குடிக்கார முனீஸ்வரன் திருச்சுழி வட்டாரம் முழுக்க வாடகைக்கு உழுகிறவர். அவரிடம் கேட்டாள்.

"இழுத்துரலாம் தங்கச்சி. ஆனா ஆறு மணி நேரம் ஆகும், எனக்கு முதுகு போயிரும்" என்றார் அவர். "வேற வண்டி அமையலைன்னா சொல்லு, வாரேன்."

அவர் முதுகு போய்விடும் என்று சொன்னது போதும். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்தது காளீஸ்வரன். சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகிற பிக்கப் வண்டி அவனுடையது. அவள் நான்கு நாள் அந்த வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறாள். பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, அதனால் மணலில் ஏறும். பிரேக் நல்ல பிரேக். கொக்கி சட்டத்தோடு பற்றவைத்தது. "இழுக்கிறதுக்கு எல்லா வண்டியும் இருக்கு, நிறுத்தத் தெரிஞ்ச வண்டி இதுதான்" என்று தீர்ப்புச் சொல்லி, அமாவாசைக்கு ஐந்து நாள் இருக்கும்போது வெள்ளோட்டம் விட்டார்கள்.

மெதுவாகப் போனவரைக்கும் ஒரு குறையும் இல்லை. ரோடு நேராக, காலியாக இருந்தது. காளீஸ்வரன் கொஞ்சம் மிதித்தான். வேக முள் நாற்பதைத் தொட்டபோது படகு இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு வண்டியின் பின்பக்கத்தையே பிடித்து ஆட்டுகிற அளவுக்கு. அவன் பயந்து பிரேக்கை மிதித்தான். ஆட்டம் கூடி, வண்டியும் படகும் சேர்ந்து ரோட்டை விட்டு இறங்கிச் சீமைக் கருவேல முள்ளுக்குள் போய் நின்றன. யாருக்கும் அடி இல்லை. படகின் இடது விலாவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்.

"இந்த வண்டிக்கு இது ஒத்துவராதுக்கா" என்றான் காளீஸ்வரன். "எனக்குப் பொண்டாட்டி இருக்கா."

வண்டி சின்னது, அதனால்தான் ஆட்டி வைத்தது என்று அவளும் நம்பினாள். கீறலைப் பூசித் தேய்த்துக்கொண்டே அடுத்த வண்டிக்கு ஆள் அனுப்பினாள். கார்த்தீஸ்வரன் வந்தான். தறிக்காரக் குடும்பத்துப் பையன், வீட்டில் தெலுங்கு, வெளியே வாய் நிறையத் தமிழ். போன தீபாவளிக்கு ஒரு பெரிய கார் வாங்கியிருந்தான். இழுக்க என்றே கொக்கியும் மாட்டியிருந்தான், இழுக்கத்தான் இதுவரை எதுவும் கிடைக்கவில்லை.

"மலையையே இழுக்கும்க்கா" என்றான்.

மலையை இழுக்குமோ என்னவோ, படகு அந்தக் காரையும் அதே மாதிரி ஆட்டியது. பாலவனத்தம் பக்கத்தில் ஒரு மினி பஸ்ஸைத் தொடப்போய்த் தப்பியது. கார்த்தீஸ்வரன் கொட்டகை வாசலில் படகை விட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். போகிற அவசரத்தில், "படகுக்குள்ள ஏதோ இருக்குக்கா, ஐயரக் கூப்பிட்டு மந்திரிங்க" என்றான். கோயில் ஐயரா, வேதக்கார ஐயரா என்று சொல்லவில்லை.

இனிப் போக்கில்லை. முனீஸ்வரனிடமே போய் நின்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல், செவ்வாய்க்கிழமை காலையில் வருவதாகச் சொன்னார். புதன்கிழமை அமாவாசைக்கு முதல் நாள். ஒரு நாள் கையில் இருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி, கயிறுகளை அவிழ்த்துக் கட்டி, அவிழ்த்துக் கட்டி, அவள் நிம்மதியாக இருக்க முயன்றுகொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி மழை பெய்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த மழை, தகரத்தைப் பொத்துவிடுகிற மாதிரி கொட்டியது. மானாவாரி பூமியில் புரட்டாசி மழை விழுந்தால் மறுநாள் விடிகிறபோது ஒரு டிராக்டரும் வீட்டில் நிற்காது. ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். முனீஸ்வரன் போனில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கோவிச்சுக்கிராத. குதிரைவாலி விதைக்கணும்னு ஊரே வண்டியச் சுத்தி நிக்கிது. இப்ப நான் கெளம்பினா அடிச்சுப்புடுவாக."

"நீங்க விதைங்கண்ணே" என்றாள் அவள். மழை பெய்ததற்கு யார் மேல் கோபப்படுவது? அவளும் இந்த மண்ணுக்காரிதான், மழை வாசத்தில் மனசு குளிரத்தான் செய்தது.

செவ்வாய் முழுக்க அலைந்தாள். எல்லா டிராக்டரும் விதைப்புக் காட்டில் கிடந்தன. கடைசியில் அவள் கேட்காமலே ஒரு காரியம் நடந்தது. புதன்கிழமை காலையில் காளீஸ்வரனின் பிக்கப் கொட்டகை முன்னால் வந்து நின்றது. அவனுக்குப் பக்கத்தில் அவன் பெண்டாட்டி ஒச்சம்மாள் இருந்தாள். நல்ல வாட்டசாட்டமான பெண், குரலும் அதற்கேற்ற குரல்.

"பன்னெண்டு பொம்பளைக கடல்ல காத்துக்கிட்டு நிக்கிதுகளாம், இவருக்குப் பயமாம்" என்றாள் ஒச்சம்மாள். "நானும் கூட வாரேன். முப்பதுக்கு மேல மிதிச்சா காதத் திருகுறேன். நீ ஏறுக்கா."

மரியசெல்வி உள்ளே போய்த் துணிப்பையும் சாமானும் எடுத்து வருவதற்குள், காளீஸ்வரன் ஜாக்கி வைத்து முன்சட்டத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிப் பூட்டு முள்ளும் போட்டுவிட்டான். கிளம்பினார்கள்.

அதிசயமாகப் படகு ஆடவில்லை. முப்பதில் ஆடவில்லை. காளீஸ்வரன் ஓரக்கண்ணால் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டே நாற்பதுக்குப் போனான், ஆடவில்லை. நாற்பத்தைந்திலும் பின்னால் ஒன்று வருகிறதே தவிர, தொந்தரவு இல்லை. திருச்சுழி தாண்டியதும் கயிறு பார்க்க நிறுத்தினார்கள். இறங்கிப் பின்னால் வந்த மரியசெல்விக்குப் பகீரென்றது. பிக்கப்பின் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை அமுங்கித் தாழ்ந்து கிடந்தது. படகின் மூக்கில் ஏறிப் பார்த்தாள். கொட்டகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூக்கறை முழுக்க மழைத் தண்ணீர். கூரைத் தகரத்தில் வழிந்ததெல்லாம் அதற்குள்தான் இறங்கியிருந்தது. ஒரு டிரம் கொள்ளும்.

"பாவம், வண்டி முதுகுல இவ்வளவு பாரத்தையா ஏத்தி இழுத்துட்டு வந்தோம்" என்று சொல்லிக்கொண்டே அடைப்பானைப் பிடுங்கிவிட்டு, மிச்சத்தை வாளியால் இறைத்து ஊற்றினாள். பிக்கப்பின் பின்பக்கம் மூச்சு விட்டு எழுந்தது. அவளுக்கும் லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. நாற்பதில் படகு ஆட ஆரம்பித்தது. இந்தத் தடவை காளீஸ்வரன் பிரேக்கைத் தொடவில்லை. காலை மட்டும் எடுத்தான். வண்டி தானாகத் தளர்ந்து, ஆட்டம் அடங்கி நின்றது. ஒச்சம்மாள் கண்ணை மூடி முனியாண்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் திரும்புறேன்க்கா" என்றான் அவன். "இது வண்டியே இல்ல, எமன்."

மணி பத்தரை. மரியசெல்வி படகைச் சுற்றி நடந்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. நின்று யோசிக்க அவளுக்கு வராது. அதே வண்டி. அதே ஆள். அதே ரோடு. அதே கயிறு. திருச்சுழி வரைக்கும் ஒழுங்காக வந்தது, அதற்குப் பிறகு பேயாக ஆடுகிறது. நடுவில் நான் என்ன செய்தேன்? தண்ணீரை இறைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

கொக்கியின் பூட்டு முள்ளைப் பிடுங்கினாள். முன்சட்டத்தின் நுனியை ஒற்றை விரலால் தூக்கினாள். எழுந்தது. அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மாடு நடக்கிறது; கழுத்தில் பாரம் இல்லாவிட்டால் அதற்குச் சுகம். வண்டி ஓடுகிறது. ஓடுகிற வண்டியின் மேல் பாரம் கொஞ்சமாவது அழுந்தினால்தான் பின்னால் வருவது அதன் பேச்சைக் கேட்கும். அழுந்தாமல் வைத்தால் அது தன் இஷ்டத்துக்கு ஆடும். பிக்கப்பின் மேல் குற்றமில்லை, காரின் மேல் குற்றமில்லை. ஒரு மாட்டின் கழுத்துக்குப் பார்த்த இரக்கத்தை, கழுத்தே இல்லாத இரும்புக்கும் பார்த்து, இரண்டு பேரைச் சாவின் விளிம்பு வரைக்கும் கொண்டுபோய்விட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"ஒன்றரை அடி முன்னால நகத்தணும்" என்றாள்.

"எதை?"

"படகை."

காளீஸ்வரன் வானத்தைப் பார்த்தான். மூக்கில் கல்லைப் போட்டு நிரப்பலாமே என்றான். கல் குதித்தால் தளம் கீறும், முடியாது என்றாள். மூன்று பேர் தள்ளி நகர்கிற படகும் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், ஒரு காட்டில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நடுவே ஓடிக்கொண்டிருந்த டிராக்டரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. முனீஸ்வரனுடையது.

அவள் காட்டு ஓரம் வரைக்கும் போனாள். நின்றாள். திரும்பினாள். ஈரம் காய்வதற்குள் விதைக்கிறவர்களைக் கூப்பிடுவதாவது. மறுபடி போனாள். கையைத் தூக்கி, முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி இறக்கிவிட்டாள். கருத்தம்மாள் நாளைக்குக் காலையில் அந்த ஆள் வாசலில் நிற்பது கண்ணுக்குள் வந்தது. ஈரத் தலைத்துணியோடு, பாசிச் சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு.

"கூப்புடுக்கா, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா" என்றாள் பின்னாலிருந்து ஒச்சம்மாள்.

"அண்ணே" என்று கூப்பிட்டாள் மரியசெல்வி. "முனீஸ்வரண்ணே. எல்லாரும் ஒரு கை புடிக்கணும். என்னால மட்டும் முடியாது."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எந்த வயதிலும் யாரிடமும் சொன்னதில்லை. நடந்தது என்னவோ ரொம்பச் சாதாரணம். டிராக்டர் நின்றது. எல்லாரும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வந்தார்கள். கடலுக்குப் போகிற படகை ஒரு தடவை தொட்டுப் பார்க்க அவர்களுக்கும் ஆசை இருந்தது. முனீஸ்வரன் டிராக்டரையே ரோட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து, படகின் மூக்கில் கயிறு கட்டி, மெல்ல, மெல்ல இழுத்தார். பெண்கள் விலாவில் தோள் கொடுத்தார்கள். படகு முனகிக்கொண்டே ஒன்றரை அடி முன்னால் போய் உட்கார்ந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதுக்கா தங்கச்சி காட்டு ஓரத்துல அந்த நட நடந்த?" என்றார் முனீஸ்வரன். "நான் பாம்பு கீம்பு கண்டுட்டியோன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு கமுதி, சாயல்குடி என்று வண்டி ஒரே சீராகப் போனது. படகு ஒரு தடவைகூட ஆடவில்லை. பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கித்தான் இருந்தது. கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் மரியசெல்விக்கு உடம்பு கூசியது. வண்டி அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கடற்கரைக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. பன்னிரண்டு பேரும் வரிசையாக மணலில் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானத்திலிருந்தே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கொஞ்ச தூரத்தில், தன் படகின் நிழலில், அந்தப் படகுக்காரரும் நின்றுகொண்டிருந்தார். மூக்கு முதலில் தெரிந்தது. பிறகு முப்பத்திரண்டு அடியும் தெரிந்தது. கருத்தம்மாள் எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

காளீஸ்வரன் வண்டியைப் பின்னால் எடுத்து, ஈர மணல் இறுகிக் கிடக்கிற இடம் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினான். பின்சக்கரம் ஒரு தடவைகூடச் சுற்றிப் புதையவில்லை, அவ்வளவு பாரம் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. முள்ளைப் பிடுங்கியதும் கருத்தம்மாள் முன்சட்டத்தைத் தூக்கப் பார்த்தாள். அசையவில்லை.

"என்னடி இது, இந்தக் கனம் கனக்குது?" என்றாள். "முன்னாடி போன்ல பேசுறப்ப ஒத்த வெரல்ல தூக்கலாம்னு பெருமையடிச்ச?"

"ஒத்த ஆளு தூக்க முடியாதுக்கா" என்றாள் மரியசெல்வி. "நாலு பேரு வாங்க."

நாலு பேருக்கு ஆறு பேர் வந்தார்கள். அவளும் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் பின்னாலிருந்து இழுக்க, சக்கரங்கள் தண்ணீருக்குள் இறங்கின. இடுப்பளவு ஆழத்தில் படகு சட்டத்தை விட்டு எழுந்து, தண்ணீரில் நின்றது. இந்தப் பக்கம் சரிவில்லை, அந்தப் பக்கம் சாய்வில்லை. படகுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் படகுக்குள் ஏதோ எடுக்கப் போகிறவர் மாதிரி திரும்பிக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். மரியசெல்வி வழக்கம்போல நின்றுகொண்டே சாப்பிடப் போனாள். கருத்தம்மாள் அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். மீன் குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

திரும்புகிறபோது வண்டியின் முன் சீட்டில் மூன்று பேர். நடுவில் ஒச்சம்மாள், ஓரத்தில் மரியசெல்வி. பின்னால் வெறும் சக்கரச் சட்டம் கடகடவென்று வந்துகொண்டிருந்தது. சாயல்குடி தாண்டுவதற்குள் மரியசெல்வியின் தலை ஒருமுறை தொங்கி, நிமிர்ந்து, மறுபடி தொங்கியது. அப்புறம் அப்படியே ஒச்சம்மாளின் தோளில் விழுந்து, அங்கேயே இருந்துவிட்டது.

காளீஸ்வரன் திரும்பிப் பார்த்து, "ஒனக்குத் தோள் வலிக்கும், எழுப்பி விடு" என்றான்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள் ஒச்சம்மாள். கமுதி வந்தபோது அவள் கை மரத்துப்போயிருந்தது. அருப்புக்கோட்டை வரும்வரை அவள் தோளை அசைக்கவில்லை.